ஒரே கேஸ், இரண்டு விடை

மலர்க் குழுவினர் "சார், கெமிக்கல் பிரிவிலிருந்து யாரும் எழுதல, நீங்களாவது எழுதுங்க" என்று நச்சரித்ததால் எழுதுகிறேன். மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்தருள்க!

நாம் படித்த நாளில் கேஸ் கலவையின் அடர்த்தி கேட்டால் 1936-இல் வந்த கே விதியை வைத்துச் சராசரி போட்டு, சார்ட்டில் ஸ்கேலை வைத்து Z-ஐப் படிப்போம். பென்சில் முனை மொக்கையானால் விடையும் மாறும். அது எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் சண்டை போடவில்லை.

சண்டை கம்ப்யூட்டரோடு வந்தது. 1989-இல் நான் வேலை பார்த்த இடத்தில் கார்பன் டை ஆக்ஸைடு நிறைந்த இயற்கை வாயுவை விற்றோம். ஆரிஃபிஸ் மீட்டரில் அழுத்த வித்தியாசம் அளந்து, அடர்த்தி போட்டு, பில். அடர்த்திக்கு நானே எழுதிய ஃபோர்ட்ரான் ப்ரோகிராம். பெங்-ராபின்சன் சமன்பாடு, பெருமை தாங்கவில்லை. வாங்குபவரிடமும் அதே சமன்பாடுதான், விலைக்கு வாங்கிய சாஃப்ட்வேரில். ஆனாலும் மாதாமாதம் எங்கள் கணக்கு கூடுதல். ஒரு சதவீதத்துக்குள்தான், ஆனால் எப்போதும் ஒரே பக்கம்.

இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1873-இல் வான் டெர் வால்ஸ் லைடனில் கொடுத்த ஆய்வேடுதான் மூலவர். மூலக்கூறுகளுக்கும் இடம் வேண்டும், ஒன்றையொன்று இழுக்கும் என்றார். ஆனால் அவர் கணக்கில் உச்சநிலை Z 0.375, மீத்தேனுக்கு உண்மையில் 0.286. 1949-இல் ரெட்லிக்-குவாங், 1972-இல் சோவே, 1976-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பெங்கும் ராபின்சனும் கிட்டே கிட்டே வந்து 0.307 வரை இறக்கினார்கள். கலவை என்றால் இன்னொரு சங்கடம். மீத்தேனும் கார்பன் டை ஆக்ஸைடும் தங்களுக்குள் எவ்வளவு இழுக்கும்? தனித்தனி இழுவைகளின் பெருக்கல் சராசரி எடுத்து, ஒரு ஜோடி எண்ணால் குறைக்க வேண்டும். சோதனை அளவுகளிலிருந்து பெறும் எண் அது. இந்த ஜோடிக்கு 0.1-ஐ ஒட்டி வரும்.

என் ப்ரோகிராமில் அது 0. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று போட்டது. இழுவை அதிகமானால் Z குறையும், அடர்த்தி ஏறும், பில்லும் ஏறும்.

இது தெரியாமல் நான் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மூன்று தடவை கேலிப்ரேஷன் செய்ய வைத்தேன். மூன்றாவது தடவை, "கருவி சரியா இருக்கு சார், கணக்கைப் பாருங்க" என்றார். நான் மெமோ கொடுத்தேன். அலட்சியம் என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து, வாங்குபவரின் இஞ்ஜினீயர் தன் பிரிண்ட் அவுட்டைக் கொண்டுவந்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தபோதுதான் அந்த 0 கண்ணில் பட்டது. பில்லைத் திருத்தினோம். மெமோவைத் திரும்பப் பெற்றேன். ஆனால் நேரில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பென்ஷன்காரன். போன வருடம் பொழுது போகாமல் பழைய கலவையை ரெஃப்ப்ராப், கூல்ப்ராப் இரண்டிலும் போட்டேன். அடர்த்தி அச்சாக ஒத்துப்போனது. சந்தோஷப்படுமுன் யோசித்தேன்: இரண்டுமே போகும் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2012-இல் வெளியிட்ட, 21 வாயுக்களுக்கான ஜெர்க்-2008 மாதிரியையே கையாளக்கூடியவை. ஒரே வாத்தியாரிடம் படித்த இரு பையன்களின் விடை ஒத்துப்போவதை ஒரு சாட்சியாகத்தான் எண்ண வேண்டும். என்தால்பி வேறு மாதிரி. பூஜ்யத்தை எங்கே வைத்தார்கள் என்பது மாறினால் எண்களே சம்பந்தமில்லாமல் வரும். அங்கே இரு நிலைகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

டெக்னீஷியன் ரிட்டையரான அன்று மாலை போடப் போனேன். அப்போதுதான் மெள்ள மன்னிப்புக் கேட்டேன். அவர் மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அந்த மூணாவது கேலிப்ரேஷன் ஞாயித்துக்கிழமை சார், அதுக்கு ஓவர்டைம் இன்னும் வரல" என்றார்.