ஏட்டுக்கும் வாய்க்கும் இடையே

ஜுரு சுங்கச் சாவடியைக் கடந்து தெற்கே செல்வோர் இருமருங்கும் தொழிற்கூடங்களையும் பண்டகசாலைகளையுமே மிகுதியாகக் காண்பர். செபராங் பிறையின் இப்பகுதிகளில் முன்னம் கரும்பும் பின்னர் ரப்பரும் விளைந்தன. அவற்றை விளைவிக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் பல்லாயிரவர். இன்று இத்தொழிற்கூடங்களிற் பணிபுரிவோர் பலர் கையிலுள்ள கைப்பேசியில் இரண்டு செயலிகள் இருக்கின்றன. ஒன்றில் இன்ன வேலை, இன்னார் பொறுப்பு, இன்ன நாளில் முடிய வேண்டும் என்று பதிவாகிறது. மற்றொன்றில் குழுவினர் பேசிக்கொள்கின்றனர். முன்னதை ஏடு என்றும் பின்னதை வாய் என்றும் நாம் வழங்கிக் கொள்வோம். ஏட்டில் நிகழ்வது வாய்க்கும், வாயில் பிறப்பது ஏட்டுக்கும் மனிதர் கைபடாமல் தானே சென்று சேரும்படி இணைக்கும் முறையொன்று இந்நாளில் பரவியிருக்கிறது. இதனைப் புத்தம் புதிய கலை என்பாருளர். கருவி புதிதென்பது மெய், தேவை புதிதன்று.

தேவை எத்துணைப் பழமையானது என்பதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. 1800ஆம் ஆண்டு ஆங்கிலக் கம்பெனியார் கைக்கு மாறும் வரையில் ஜுரு கெடா சுல்தானின் ஆட்சிப் பரப்பைச் சேர்ந்தது. கெடாவே பழைய கடாரம் என்று அறிஞர் பலர் கொள்வர். அக்கடாரத்துக்கும் ஸ்ரீவிசயத்துக்கும் அரசனான மாறவிசயோத்துங்கன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரால் அமைத்த சூளாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆவணம் இச்செய்தியைக் கூறுகிறது. நாம் ஈண்டு நோக்க வேண்டுவது கொடையின் பெருமையை அன்று. கொடை நடைபெற்ற வழியை. அரசன் முதலில் வாயாற் சொன்னான். சொன்னதை ஓலையில் எழுத ஒருவர் இருந்தார். எழுதியதை ஒப்பு நோக்கத் திருமந்திர ஓலைநாயகம் என்போர் இருந்தனர். அதன்பின் அது வரியிலிடப்பட்டது, அதாவது வரிப்பொத்தகத்தில் ஏறியது. பின்னரே ஊரார் கூடிப் பிடி சூழ்ந்து எல்லை காட்டினர். சோழர் கல்வெட்டுகளில் திருவாய்க்கேள்வி என்றொரு பதவிப் பெயரும் வருகிறது. வாய்ச்சொல்லுக்கும் பொத்தகத்துக்கும் இடையே இத்தனை அதிகாரிகளை நிறுத்த வேண்டியிருந்ததெனின், சொல் வழியில் சிதையும் என்ற அச்சம் அந்நாளிலேயே இருந்தது போலும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை மேலும் நீடித்து, 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளின் குடியேற்றத்தைத் தடுத்தபோது முடிந்தது. கங்காணி என்ற சொல் கண்காணி என்பதன் திரிபே. கோயிற் கல்வெட்டுகளில் கண்காணி செய்வாரைப் பலமுறை காணலாம். ஆலயக் கணக்கைக் கண்காணித்த சொல் கடல் கடந்து வந்து கூலியாட்களைக் கண்காணிக்க நேர்ந்தது, சொற்களுக்கும் வாழ்வு தாழ்வு உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ரப்பர்த் தோட்டத்தில் பொழுது புலருமுன் பெரட்டுக் கூடும். பெரட்டு என்பது ஆங்கிலப் ‘பரேடு’ நம்மவர் நாவில் மருவியது. கிராணி கையில் செக்ரோல் என்னும் பெயர்ப்பதிவேடு இருக்கும். பெயர் கூப்பிட்டு இன்னார்க்கு இன்ன நிரை என்று பால்மரங்கள் பங்கிடப்படும். செக்ரோல்தான் அந்நாளைய ஏடு. லயத்துப் பேச்சே வாய். இரண்டையும் இணைத்தவர் கங்காணி. துரையின் கட்டளையை லயத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. லயத்தின் குறையைத் துரைக்குக் கொண்டு செல்ல வேண்டியவரும் அவரே. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகலின், ஆளை வேலைக்கு இறக்குவதில் அவருக்கு ஊதியம் இருந்தது. ஆளின் குறையை மேலே சொல்வதில் ஊதியமும் இல்லை, தீங்கும் உண்டு. ஏட்டிலிருந்து வாய்க்கு வரும் வழி நன்றாக நடந்தது. வாயிலிருந்து ஏட்டுக்குச் செல்லும் வழி தூர்ந்து கிடந்தது. எல்லாக் கங்காணிமாரும் கொடியர் என்று எழுதுவது நேர்மையன்று. தம் ஆட்களுக்காகத் துரையிடம் வாதாடியோரும் இருந்திருப்பர். பழுது ஆளிடத்தில் மட்டுமன்று, அமைப்பிடத்தும் இருந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் படிப்போர் கூலி உயர்வை மட்டும் காண்பதில்லை. தமிழ் பேசத் தெரிந்த அலுவலரை அமர்த்த வேண்டும். குறைகளை எடுத்துச் சொல்வோரைப் பழிவாங்கலாகாது. துரைமாரைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமென்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். முதலிரண்டும் அந்தத் தூர்ந்த வழியைத் திறக்கும் கோரிக்கைகளே அல்லவா?

இந்தப் பின்னணியோடு இக்காலக் கருவிக்கு வருவோம். கணினி வழியே குழுவாகப் பேசும் முறைக்கு 1988இல் பின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஒய்க்கரினென் வழி வகுத்தார். 2011இல் டிரெல்லோ என்னும் பணிப்பதிவுச் செயலியும், 2013இல் ஸ்லாக் என்னும் உரையாடற் செயலியும் வெளிவந்தன. ஏடும் வாயும் வெவ்வேறு நிறுவனத்தார் கையில் பிறந்தமையால் ஒன்றன் மொழி மற்றொன்றுக்குத் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்க்க 2011இல் ஜேப்பியர் என்னும் நிறுவனம் அமெரிக்காவில் தோன்றியது. தமிழகத்தின் பங்கும் சிறிதன்று. 1996இல் தொடங்கிப் பின்னர் ஜோஹோ எனப் பெயர் கொண்ட நிறுவனம், 2006இல் பணிப்பதிவுச் செயலியையும், 2017இல் கிளிக் என்னும் உரையாடற் செயலியையும், 2018இல் இவற்றைப் பிற செயலிகளோடு பிணைக்கும் ஃப்ளோ என்னும் கருவியையும் வெளியிட்டது. சென்னையில் மட்டுமன்றித் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அதன் அலுவலகம் நடைபெறுகிறது.

இணைப்பு எவ்வாறு நடைபெறுகிறது? அடிப்படை ஒரே வாக்கியம்: ‘இது நிகழ்ந்தால் அது செய்க.’ ஏட்டில் ஒரு வேலை ‘முடிந்தது’ என மாறினால், குழுவில் ஒரு செய்தி இடுக. நிகழ்ந்ததை அறியும் வழி இரண்டு. ஒன்று, இடைநிற்கும் கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏட்டிடம் சென்று ‘புதிது உண்டோ?’ என்று கேட்பது. மற்றொன்று, நிகழ்ந்த நொடியே ஏடு தானாக முன்பே குறித்துக் கொடுத்த முகவரிக்குச் செய்தி அனுப்புவது. இரண்டாவதற்கு 2007இல் ஜெஃப் லின்ட்சே ‘வெப்ஹூக்’ என்று பெயரிட்டார். முன்னது அஞ்சற் பெட்டியை அடிக்கடி திறந்து பார்ப்பதை ஒக்கும். பின்னது தபாற்காரர் மணியடிப்பதை ஒக்கும்.

இக்கருவிக்கும் கங்காணிக்கு இருந்த நோய்கள் சில உண்டு என்பதே வியப்பு. இணைப்பு பெரும்பாலும் யாரேனும் ஓர் ஊழியரின் கணக்கின் பெயரால் அனுமதி பெற்று ஓடுகிறது. அவர் வேலையை விட்டுச் சென்று கணக்கு மூடப்பட்டால், இணைப்பும் ஓசையின்றி நின்றுவிடும். கங்காணி வேறு தோட்டத்துக்குப் போனபோது ஆட்களும் உடன் போனதை இது நினைவூட்டுகிறது. ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் செய்தி இடுமாறு விதித்தால், செய்தி வெள்ளமாகி ஒருவரும் படியார். இரு திசையிலும் கவனமின்றி இணைத்தால், ஏடு வாயை எழுப்ப, வாய் ஏட்டை எழுப்ப, முடிவின்றிச் சுழலும். ‘கருவி இட்ட செய்தியைக் கருவி மீண்டும் எடுத்துக்கொள்ளற்க’ என்று ஒரு விதி சேர்த்தே அதனை நிறுத்த வேண்டும்.

எனினும் பெரிய குறை இவற்றுள் எதுவுமன்று. பெரும்பாலோர் ஒரு திசையை மட்டும் இணைத்து அமைதி கொள்கின்றனர். ஏட்டிலிருந்து குழுவுக்குச் செய்தி வருகிறது. குழுவிற் சொன்னது ஏட்டில் ஏறுவதில்லை. ஜுருவில் நான் அறிந்த ஒரு பட்டறையில் இது நேர்ந்தது. இரவு முறையில் இருந்த தொழில்நுட்ப உதவியாளர், ஒரு பெண், காற்றழுத்தப் பொறியின் வால்வு கசிகிறதென்று குழுவில் எழுதினார். ‘சரி, பார்ப்போம்’ என்று மறுமொழியும் வந்தது. ஏட்டிலோ அவ்வால்வுப் பணி ‘முடிந்தது’ என்றே நின்றது. இரண்டாம் நாள் பொறி நின்றபோது மேலாளர் ஏட்டைத் திறந்து, ‘நீங்கள் ஏன் முறையிடவில்லை?’ என்று கேட்டார். அதற்குள் அவருடைய செய்தி நூற்றுக்கணக்கான செய்திகளுக்குக் கீழே புதைந்து போயிற்று. அரை நாளெல்லாம் தேடி எடுத்துக் காட்டிய பின்னரே பழி நீங்கியது. ஏட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்ற வழக்கம் செக்ரோல் காலத்தோடு போய்விடவில்லை.

பின்னர் அங்கே மறு திசை இணைப்பையும் அமைத்தனர். குழுவில் எழுதிய செய்தியின்மேல் சிவப்புக் கொடிக் குறி இட்டால், அச்செய்தி எழுதியவர் பெயரோடும் நேரத்தோடும் ஏட்டில் புதிய வரியாக ஏறும். ஏறியது என்ற விடையும் அவருக்கே திரும்பி வரும். முதலில் அக்குறியிடும் உரிமை மேற்பார்வையாளருக்கு மட்டும் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண்ணே அதனை எடுத்துச் சொன்னார். இரண்டு கிழமை கழித்து எல்லார்க்கும் திறந்துவிட்டனர்.