ஒரு ஹோட்டல், ஒரு கிரிக்கெட் வீரர், ஐந்து கினி

லண்டன் ரஸ்ஸல் சதுக்கத்தில் இருந்த இம்பீரியல் ஹோட்டலுக்கு 1943 ஜூலை 30 அன்று ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கணவன், மனைவி, பதினைந்து வயது மகள். நான்கு இரவுகளுக்கு முன்பதிவு செய்திருந்தார்கள். இரண்டு பவுண்டு முன்பணமும் கட்டியாகிவிட்டது. அதுமட்டுமல்ல, தாங்கள் கறுப்பர்கள் என்பதால் ஏதாவது பிரச்சினை வருமா என்று முன்கூட்டியே கேட்டு, வராது என்ற பதிலையும் வாங்கியிருந்தார்கள். காசு கொடுத்துத் தங்கப் போகிறவர் இப்படி ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அது எப்படிப்பட்ட காலம் என்று புரிந்துகொள்ளலாம்.

வந்து இறங்கியவர் லியரி கான்ஸ்டன்டைன்.

பழைய கிரிக்கெட் விவரங்களைத் தேடிப் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். டிரினிடாட் தீவில் 1901இல் பிறந்தவர். அவருடைய முன்னோர்கள் அடிமைகளாக இருந்தவர்கள். 1928இல் லார்ட்ஸ் மைதானத்தில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் எழுதுகிறார்கள். முதல் இன்னிங்சில் 86 ரன், பிறகு பந்துவீச்சில் 57 ரன்களுக்கு 7 விக்கெட், இரண்டாவது இன்னிங்சில் சுமார் ஒரு மணி நேரத்தில் 103 ரன். தோற்க வேண்டிய ஆட்டத்தை ஒற்றை ஆளாகத் திருப்பிப் போட்டார். அடுத்த வருடமே வட இங்கிலாந்தில் இருக்கும் நெல்சன் என்ற சிறு நெசவாலை நகரத்தின் அணி அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. ஒன்பது பருவங்கள் அங்கே ஆடினார். அதில் ஏழு முறை லங்காஷயர் லீக் கோப்பை நெல்சனுக்குத்தான்!

1943இல் அவர் வெறும் கிரிக்கெட் வீரர் மட்டும் அல்ல. போர்க்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துத் தொழிற்சாலைகளுக்கு வேலை செய்ய வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் நலத்துறை அதிகாரியாக, தொழிலாளர் அமைச்சகம் அவரை லிவர்பூலில் நியமித்திருந்தது. வந்தவர்களுக்கு வாடகைக்கு இடம் கிடைக்காது. நடன அரங்குகளில் உள்ளே விடமாட்டார்கள். இதையெல்லாம் பேசித் தீர்த்துவைப்பதுதான் அவருடைய வேலையே. லண்டனுக்கு வந்ததும் சும்மா சுற்றிப் பார்க்க அல்ல, லார்ட்சில் இங்கிலாந்துக்கு எதிராக டொமினியன்ஸ் அணிக்காக ஆடுவதற்கு.

ஹோட்டலில் என்ன நடந்தது? ஓர் இரவு மட்டும் தங்கலாம், மறுநாள் காலி செய்துவிட வேண்டும் என்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு அமைச்சக அதிகாரி ஒருவர் நேரில் வந்து பேசினார். ஹோட்டலின் பெண் மேலாளர் அவரிடம், கறுப்பர்களை இழிவாகக் குறிக்கும் அந்தச் சொல்லையே பயன்படுத்தி, அவர்களை ஹோட்டலில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். காரணம் அமெரிக்கர்கள். அந்த நேரத்தில் லண்டன் முழுக்க அமெரிக்கப் படையினர் நிறைந்திருந்தார்கள். அமெரிக்க ராணுவமோ வெள்ளையர் படை வேறு, கறுப்பர் படை வேறு என்று பிரித்து வைத்திருந்த ராணுவம். கறுப்பர்கள் தங்கினால் வெள்ளை அமெரிக்க விருந்தினர்கள் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது நிர்வாகத்தின் பயம். கான்ஸ்டன்டைன் பிரிட்டிஷ் குடிமகன், அரசு அதிகாரி, நாடறிந்த ஆட்டக்காரர் என்று எடுத்துச் சொல்லியும் பலன் இல்லை.

கடைசியில் ஒரு சமரசம். அதே நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே பெட்ஃபோர்ட் என்று இன்னொரு ஹோட்டல் இருந்தது. அங்கே ரூம் தருகிறோம் என்றார்கள். வாசலில் நின்று சண்டை போட விரும்பாமல், அதிகாரியின் பேச்சைக் கேட்டு கான்ஸ்டன்டைன் குடும்பம் அங்கே போய்த் தங்கியது.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். பெரும்பாலும் இப்படித்தான் முடியும். 1929இல் பால் ரோப்சன் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகரை லண்டன் சாவோய் ஹோட்டலின் கிரில் உணவகத்தில் உள்ளே விட மறுத்தார்கள். முந்தைய வருடம்தான் அதே ஊரில் மேடையில் பாடி ஊரையே மயக்கியிருந்தார்! பத்திரிகைகளில் செய்தி வந்தது, நாடாளுமன்றம் வரை பேச்சு போனது, அவ்வளவுதான். கான்ஸ்டன்டைன் விஷயத்திலும் 1943 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. வழக்குப் போட்டார். பெயர் தெரிந்த தனக்கே இந்தக் கதி என்றால், தன்னிடம் புகார் சொல்ல வரும் பெயர் தெரியாத தொழிலாளிக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி அவர் முன்னால் இருந்தது.

இங்கேதான் சட்டச் சிக்கல் வருகிறது. நிறத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் எதுவும் 1943 இங்கிலாந்தில் கிடையாது. ஒரு வீட்டுக்காரர், ஒரு மதுக்கடைக்காரர், ஒரு நடன அரங்குக்காரர் யாரை வேண்டுமானாலும் வெளியே அனுப்பலாம். அப்படியானால் எந்த அடிப்படையில் வழக்கு?

பதில் குதிரை வண்டிக் காலத்தில் இருந்தது. இங்கிலாந்தின் பழைய வழக்காற்றுச் சட்டப்படி விடுதிக்காரர் மற்ற வியாபாரிகளைப் போன்றவர் அல்ல. சாலைகளில் கொள்ளையர் பயம் இருந்த காலத்தில், இருட்டிய பிறகு ஒரு வழிப்போக்கன் வந்து கதவைத் தட்டினால், அவனைத் திருப்பி அனுப்புவது அவன் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் விடுதி நடத்துகிறவர் வரும் வழிப்போக்கர் யாராக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும், இடம் இருந்தால், அவரிடம் காசு இருந்தால், அவர் குடித்துவிட்டுக் கலாட்டா செய்யாமல் இருந்தால். (தமிழில் ஹோட்டல் என்றவுடன் இட்லி, காபி நினைவுக்கு வந்தால், அதை மறந்துவிட்டுக் காசு வாங்கும் சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 1835இல் வேல்சில் செப்ஸ்டோ என்ற ஊரில் ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லோரும் படுத்த பிறகு வந்த ஒருவரை விடுதிக்காரர் உள்ளே விடவில்லை. நேரமாகிவிட்டது, ஆள் பெயரைச் சொல்லவில்லை என்று காரணம் சொன்னார். இரண்டுமே காரணம் ஆகாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தது ஒரு சைக்கிள் வழக்கு! 1898இல் ஹார்பர்டன் சீமாட்டி என்ற பெண்மணி, சைக்கிள் ஓட்ட வசதியாகப் பாவாடைக்குப் பதில் தொளதொள கால்சட்டை போட்டுக்கொண்டு, லண்டனுக்குத் தெற்கே ஆக்கம் என்ற கிராமத்து ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனார். அந்த உடையோடு சாப்பாட்டு அறைக்குள் வரக்கூடாது என்று தடுத்த ஹோட்டல்காரி, வேண்டுமானால் மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் சாப்பிடலாம் என்றார். சைக்கிள் பயணிகள் சங்கம் முன்னின்று வழக்கு நடத்தியது. 1899இல் ஹோட்டல்காரி விடுதலையானார். சாப்பாடு தர மறுக்கவில்லையே, வேறு அறையில்தானே தருகிறேன் என்றார் என்பது அவருக்குக் கைகொடுத்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு இம்பீரியல் ஹோட்டலின் வாதத்தைப் பாருங்கள். நாங்கள் மறுக்கவில்லை. அவர் தானாகவே போனார். அதுமட்டுமில்லாமல் பெட்ஃபோர்டில் இடம் கொடுத்தோமே. அதே வாதம்தான், அறைக்குப் பதில் கட்டடம்!

வழக்கு 1944 ஜூனில், நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய சில நாட்களிலேயே, விசாரணைக்கு வந்தது. நீதிபதி நார்மன் பிர்க்கெட், அடுத்த வருடம் நூரம்பர்க் விசாரணைக்கு மாற்று நீதிபதியாகப் போனவர். கான்ஸ்டன்டைன் தரப்பில் முன்னாள் அட்டர்னி ஜெனரல் பாட்ரிக் ஹேஸ்டிங்ஸ். அவருக்கு உதவியாக ரோஸ் ஹைல்ப்ரான் என்ற இளம் பெண் வழக்கறிஞர். இவர் லிவர்பூலில் ஒரு ஹோட்டல்காரரின் மகள் என்பது ஒரு சுவாரசியம். 1974இல் உயர் நீதிமன்ற நீதிபதியான இரண்டாவது பெண்ணும் இவர்தான்.

ஜூன் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஹோட்டல் தரப்புச் சாட்சிகளை நீதிபதி நம்பவில்லை. மேலாளர் மிகக் கேவலமாகப் பேசினார் என்பதை ஏற்றுக்கொண்டார். கான்ஸ்டன்டைன் சாட்சி சொன்ன விதத்தை, அதில் இருந்த அடக்கத்தையும் கண்ணியத்தையும் பாராட்டினார். முக்கியமான கேள்விக்கு வந்தால், வழிப்போக்கர் கேட்டது இம்பீரியல் ஹோட்டலில் இடம். அதை நியாயமான காரணம் இல்லாமல் மறுத்துவிட்டு வேறு ஹோட்டலில் இடம் தருவது கடமையை நிறைவேற்றியதாகாது. மறுப்பு மறுப்புதான்.

நஷ்ட ஈடு எவ்வளவு? ஐந்து கினி. அதாவது ஐந்து பவுண்டு ஐந்து ஷில்லிங். கட்டிய முன்பணத்தைப் போல இரண்டரை மடங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அவமானத்துக்குச் சேர்த்துப் பெரிய தொகை தர வேண்டும் என்று ஹேஸ்டிங்ஸ் வாதாடினார். முந்தைய தீர்ப்புகள் அதற்கு இடம் தரவில்லை என்று நீதிபதி கைவிரித்தார். பணமாகப் பார்த்தால் கான்ஸ்டன்டைனுக்கு எந்த இழப்பும் இல்லையே, வேறு இடத்தில் தூங்கிவிட்டாரே! ஆனால் உரிமை மீறப்பட்டாலே போதும், நஷ்டத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு சொன்னது. அதனால்தான் பெயருக்கு ஒரு தொகை.

இந்த வழக்கை இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் வெற்றி என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. கான்ஸ்டன்டைன் ஜெயித்தது கறுப்பர் என்ற முறையில் அல்ல, வழிப்போக்கர் என்ற முறையில். கால்சட்டை போட்ட பெண்ணுக்கும் நள்ளிரவில் வந்த ஆணுக்கும் இருந்த அதே பழைய சட்டம்தான் அவருக்கும் இருந்தது. வாடகை வீடு கிடைக்காத தொழிலாளிக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை. ஏனென்றால் வாடகை வீடு விடுதி அல்லவே. ஹோட்டல், உணவகம், மதுக்கடை, திரையரங்கு போன்ற பொது இடங்களில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் வர 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் 1968 வரை.

கான்ஸ்டன்டைன் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். 1945இல் லார்ட்சில் டொமினியன்ஸ் அணிக்கு அவரையே தலைவராகச் சக வீரர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அணியில் வெள்ளையர் அல்லாதவர் அவர் ஒருவர்தான். ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு சட்டம் படித்து முடித்து 1954இல் வழக்கறிஞர் ஆனார். டிரினிடாட்டில் அமைச்சர், பிறகு லண்டனில் அந்த நாட்டின் தூதர். 1965 சட்டத்தைச் செயல்படுத்த அமைந்த மூவர் வாரியத்தில் ஒருவர். 1969இல் பிரபுக்கள் சபையில் உறுப்பினர், அந்தச் சபைக்குள் நுழைந்த முதல் கறுப்பின வாழ்நாள் பிரபு. 1971இல் இறந்தார். அதற்குள் பழைய இம்பீரியல் கட்டடமே இல்லை. 1960களின் பிற்பாதியில் இடித்துவிட்டு அதே இடத்தில் புதிய ஹோட்டல் கட்டிவிட்டார்கள்.

நிறத்துக்குக் கதவு திறந்த பிறகும் சிலருக்குக் கதவு வரைகூடப் போக முடியவில்லை. பெரிய நகரத்து ஹோட்டல் என்றால் வாசலில் பளிங்குப் படிகள் இருந்தாக வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அழகு. உள்ளே லிஃப்ட் இருக்கும், ஆனால் அந்த லிஃப்டுக்குப் போக ஆறு படி ஏற வேண்டும்! சக்கர நாற்காலியில் வருகிறவரை யாரும் போ என்று சொல்வதில்லை. வாசல் படியே சொல்லிவிடும். அல்லது பின்பக்கமாக, சமையல்கட்டையும் குப்பைத் தொட்டிகளையும் தாண்டி ஒரு வழி காட்டுவார்கள். விடுதிக்காரர் ஆளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற பழைய சட்டத்தில், அந்த ஆள் உள்ளே எப்படி வருவார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது.

பிரிட்டனில் இதற்கான சட்டம் 1995இல்தான் வந்தது. கட்டடத்தின் படிக்கட்டு, வாசல் போன்றவற்றை நியாயமான அளவுக்கு மாற்றியமைக்க வேண்டும் என்ற பகுதி 2004 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. 2010 சமத்துவச் சட்டம் இனம், உடல் குறைபாடு இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

அதற்குச் சற்று முன் பெட்ஃபோர்ட் வாதம் மறுபடியும் நீதிமன்றம் ஏறியது. இம்முறை ஹோட்டல் அல்ல, வங்கி. ஷெஃபீல்டு நகரத்தில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒரு மாணவருக்குத் தன் வங்கிக் கிளைக்குள் போக முடியவில்லை. வாசலில் படிகள். வங்கி ஊழியரோடு தெருவில் இருந்தபடியே தன் கணக்கைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பக்கத்தில் வேறு கிளைகள் இருக்கின்றன, இணையத்தில் கணக்கைப் பார்க்கலாம் என்று வங்கி சொன்னது. 2009இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டிலும் வங்கி தோற்றது. மாணவருக்கு 6,500 பவுண்டு கொடுக்க வேண்டும் என்றும், அந்தக் கிளையில், அதே வாசலோடு சேர்த்து, ஒரு லிஃப்ட் வைக்க வேண்டும் என்றும் உத்தரவு.