வெளிக்களத்துப் பெண்கள்

அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டு ஜோசஃபின் டி'ஏஞ்சலோ என்ற பேஸ்பால் வீராங்கனை தன் அணியிலிருந்து நீக்கப்பட்டார். சவுத் பெண்ட் ப்ளூ சாக்ஸ் அணியின் அவுட்ஃபீல்டர் அவர். அது அவருக்கு இரண்டாவது ஆட்டப் பருவம். பந்தைத் தவறவிட்டதற்காக நீக்கவில்லை, மட்டை ஓய்ந்துவிட்டது என்றும் நீக்கவில்லை. தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதற்காக நீக்கினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அவரே இதைச் சொன்னார்.

கிரிக்கெட்டில் பவுண்டரிக் கோட்டருகே நிற்பவர்களை நமக்குத் தெரியும். பேஸ்பாலில் அப்படித் தொலைவில் நிற்பவர்கள் மூன்று பேர்: இடம், நடு, வலம். இவர்களைத்தான் அவுட்ஃபீல்டர்கள் என்கிறார்கள். பாய்ந்தோடும் கால், தூரத்திலிருந்து குறிதவறாமல் எறியும் கை, நல்ல மட்டை ஆகிய மூன்றும் வேண்டும். இவர்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டு மாற்றாக யாரை வாங்குவது என்பது ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே ஓயாமல் பேசப்படும் பேச்சு. இந்தக் கைமாற்றை ‘டிரேட்’ என்பார்கள். சந்தைச் சொல்தான், அதை யாரும் மறைப்பதில்லை.

பெண்களின் லீக்கில் இந்தக் கணக்கு எப்படி நடந்தது என்பதைப் படிக்கப் போய்த்தான் நான் டி'ஏஞ்சலோவின் தலைமுடியில் வந்து நின்றேன்.

1943இல் சூயிங்கம் முதலாளியும் சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளருமான ஃபிலிப் ரிக்லி இந்த லீக்கைத் தொடங்கினார். ஆண்கள் போருக்குப் போய்விட்டால் மைதானங்கள் காலியாகிவிடுமே என்ற கவலை அவருக்கு. சிகாகோவில் நடந்த தேர்வில் சுமார் 60 பெண்களை எடுத்து நான்கு அணிகளாகப் பிரித்தார்கள். வாரச் சம்பளம் 45 முதல் 85 டாலர். அன்றைய உழைக்கும் பெண்ணுக்கு இது பெரிய தொகை. பின்னால் அணிகள் கூடின. அணிப் பெயர்களைப் பாருங்கள்: பீச்சஸ், டெய்ஸீஸ், பெல்ஸ், சிக்ஸ். பழம், பூ, அழகி, கோழிக்குஞ்சு.

பயிற்சி முடிந்த மாலைகளில் ஹெலனா ரூபின்ஸ்டைன் அழகு நிலையத்தார் வந்து ஒப்பனையும் நடையும் உட்காரும் விதமும் சொல்லிக்கொடுத்தார்கள். சீருடை, குட்டைப் பாவாடை. ஓடிவந்து பேஸை நோக்கிச் சறுக்கி விழுந்தால் தொடைத்தோல் உரியும். பொது இடத்தில் கால்சட்டை அணியக்கூடாது, பையன்களைப் போல முடி வெட்டக்கூடாது என்று நடத்தை விதிகளில் எழுதியே வைத்திருந்தார்கள். மீறினால் அபராதம். ஒவ்வோர் அணியுடனும் ஒரு பெண் மேற்பார்வையாளர் பயணம் செய்தார். இத்தனை கெடுபிடிக்கும் அடியில் ஒரு பயம் இருந்தது: பெண்ணை விரும்பும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள் என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயம். இருந்தார்கள். டி'ஏஞ்சலோ அவர்களில் ஒருவர்.

ஆண்களின் அணியில் ஒரு வீரர் அணிக்குச் சொந்தம். இங்கே வீராங்கனைகள் லீக்குக்கே ஒப்பந்தமானார்கள். யார் எந்த ஊருக்கு என்பதை லீக் முடிவு செய்தது. அணிகளின் பலம் சமமாக இருந்தால்தான் கூட்டம் வரும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பருவத்தின் நடுவிலும் ஒரு பெண்ணைப் பெட்டி கட்டச் சொல்லி அடுத்த ஊருக்கு அனுப்பலாம். இதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் ‘ஒதுக்கீடு’ என்றுதான் சொல்ல முடியும். நம் மொழியில் ஒதுக்குவது என்றால் பங்கு தருவதும்தான், ஓரம் தள்ளுவதும்தான். ஆங்கிலச் சொல்லில் முதல் பொருள் மட்டுமே இருக்கிறது. நடந்ததோ இரண்டும்.

1945 முதல் அந்தப் பத்தாண்டின் இறுதிவரை லீக்கின் தலைவராக இருந்தவர் மேக்ஸ் கேரி. அவரும் ஓர் அவுட்ஃபீல்டர். ஆண்களின் பெரிய லீக்கில் 738 பேஸ்களைத் திருடிய மின்னல் கால்காரர். 1926இல் பிட்ஸ்பர்க் அணிக்கு அவர் கேப்டன். பழைய மேனேஜர் ஒருவர் ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றிலும் தலையிட, அதை எதிர்த்து வீரர்களின் வாக்கெடுப்புக்குக் காரணமானவர்களில் கேரியும் ஒருவர். வாக்கெடுப்பில் தோற்றார்கள். அணி கேரியைக் கைகழுவியது, புரூக்ளின் எடுத்துக்கொண்டது. வாய் திறந்ததற்காகத் தூக்கி எறியப்பட்ட மனிதர் பெண்களை ஊர் ஊராகப் பங்கிட்டுக் கொடுக்கும் நாற்காலிக்கு வந்தது வரலாற்றின் குசும்பு. அந்த நாற்காலியில் அமர்ந்தபோது பிட்ஸ்பர்க்கை நினைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

டி'ஏஞ்சலோ ஆடிய அதே சவுத் பெண்ட் அணியில் 1944இல் இன்னோர் அவுட்ஃபீல்டர் இருந்தார். ரோஸ் காசியோக். மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் ஊர்க்காரர். 1934லேயே ஊர் ஊராகப் போய் ஆடிய பெண்கள் அணி ஒன்றில் விளையாடியவர். லீக்குக்கு வரும்போது வயது முப்பதை நெருங்குகிறது. 1945இல் அவர் ராக்ஃபர்ட் பீச்சஸ் அணியில் இருக்கிறார். அந்த ஒரே ஆண்டில், அவுட்ஃபீல்டிலிருந்து அவர் எறிந்த எறிகளில் எதிரணியினர் ஆட்டமிழக்க உதவியவை 31. லீக்கின் சாதனை அது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அந்தக் கையைப் பார்த்ததும் அடுத்த பேஸுக்கு ஓடுவதைக் கைவிட்டுவிடுவார்கள். துணிந்தவர்களில் 31 பேர் மாட்டினார்கள். அந்த ஆண்டு ராக்ஃபர்ட் கோப்பை வென்றது. 1948, 1949, 1950லும் வென்றது. நான்கிலும் காசியோக் இருந்தார். சவுத் பெண்ட் இழந்தது எதை என்று நிர்வாகத்தில் யாராவது கணக்குப் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கணக்குப் பார்ப்பதும் எளிதாக இருந்திருக்காது. ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. 1943இல் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், சாஃப்ட்பால் அளவு. கையைக் கீழிருந்து வீசித்தான் எறிய வேண்டும். பெரிய பந்து வெகுதூரம் பறக்காது. அதனால் அந்தக் காலத்தில் வேகமான கால்களுக்கே மவுசு. ரசீன் அணியின் சோஃபி குரிஸ் 1946இல் மட்டும் 201 பேஸ்களைத் திருடினார். பிறகு பந்து சிறுத்தது, மைதானம் நீண்டது, 1948இல் தோளுக்கு மேலிருந்து எறியும் முறை வந்தது. பந்து தொலைவுக்குப் பறக்கத் தொடங்கியதும் அவுட்ஃபீல்டரின் கைக்கு விலை ஏறியது. காசியோக் போன்றவர்களை அங்கிருந்து இழுத்துப் பிட்சராக்கினார்கள். லீக் முடிந்த 1954வரை அவர் ஆடினார். விதி மாறும்போதெல்லாம் எந்த உடல் பயனுள்ளது என்பதும் மாறியது. மாறாமல் இருந்தது தலைமுடி விதி ஒன்றுதான்.

அவுட்ஃபீல்டரைக் கைமாற்றுவதைப் பற்றிப் பேசினால் கர்ட் ஃபிளட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நடுக்களக் கறுப்பின வீரர். 12 ஆண்டுகள் அங்கே ஆடியவர். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்குத் தள்ளிவிட்டார்கள். போகமாட்டேன் என்றார். வாங்கவும் விற்கவும் நான் பண்டம் இல்லை என்ற பொருளில் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்சநீதிமன்றம் போனது. 1972இல் 5க்கு 3 என்று தோற்றார். ஆட்டவாழ்வு போயிற்று. ஆனால் அவர் தொடங்கிய சண்டை பின்வந்த ஆண்களுக்கு வழி திறந்தது. ஃபிளட்டின் கடிதம் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அவருக்கு 25 ஆண்டுகள் முன்பு மூட்டை கட்டிய பெண்களுக்குக் கடிதம் எழுத ஓர் ஆணையரும் இல்லை, வழக்காட ஒரு சங்கமும் இல்லை.

1945இல் .299 சராசரியுடன் ஆடிய ஃபோர்ட் வெய்ன் அவுட்ஃபீல்டர் ஹெலன் கலகனை அவருடைய பிள்ளைகள் மூலமாகத்தான் உலகம் பிறகு அறிந்தது. ஒரு மகன் கேசி கண்டேல் ஆண்களின் பெரிய லீக்கில் ஆடினார். இன்னொரு மகன் கெல்லி, அம்மாவின் லீக்கைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1992இல் பென்னி மார்ஷல் இயக்கிய ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’.

அந்த 12 ஆண்டுகளில் லீக்கில் ஒரு கறுப்பினப் பெண்கூட ஆடவில்லை. கைமாற்றுப் பட்டியலில்கூட இடமில்லாதவர்கள் அவர்கள். டோனி ஸ்டோன் 1953இல் இண்டியானாபோலிஸ் க்ளவுன்ஸ் என்ற கறுப்பின ஆண்கள் அணியில்தான் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவரைக் கான்சாஸ் சிட்டிக்கு விற்றார்கள். மார்ஷலின் படத்தில் சில நொடிகள் ஒரு காட்சி வரும். பயிற்சியின்போது உருண்டு ஓடிய பந்தை, ஓரமாக நிற்கும் கறுப்பினப் பெண்ணொருத்தி எடுக்கிறாள். தன்னிடம் கேட்டு நிற்கும் நாயகியைத் தாண்டி, வெகு தொலைவில் இருப்பவளின் கையுறைக்கு எறிகிறாள். பிடித்தவளுக்குக் கை வலிக்கிறது. எறிந்தவள் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள்.