ஒரே கணினியில் பலர்: கோப்பு யாருக்குச் சொந்தம்?

ஆலய நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தோட்டத்து இளைஞர் மன்றம் எனப் பல இடங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் ஒரே கணினிதான். ஆளுக்கொரு கடவுச்சொல் இருக்கிறதே, கணக்குக் கோப்பு பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் வழியில் வந்தது லினக்ஸ். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. உரிமையாளர், குழுவினர், மற்றவர் என மூவகையினருக்கும் தனித்தனி அனுமதி. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். பொருளாளரின் கணக்குக்கு 640 என்றால், அவர் படிக்கலாம், திருத்தலாம், குழுவில் உள்ள தலைவரும் செயலாளரும் படிக்க மட்டும் முடியும், மற்றவருக்கு ஒன்றுமில்லை.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பின் எண்ணில் இல்லை. அது இருக்கும் கோப்புறையின் எண்ணில் இருக்கிறது. கோப்புறையில் நுழையவும் எழுதவும் அனுமதி பெற்ற எவரும் அந்த 640 கணக்கை அழித்துவிட்டு, அதே பெயரில் வேறு கோப்பை வைக்கலாம். அப்போது உரிமையாளர் பெயர் மாறியிருக்கும், ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? பொதுக் கோப்புறையைப் பொருளாளர் பெயரில் வைத்து 1770 கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். முன்னால் உள்ள 1, கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், ரூட் எனும் தலைமைப் பயனர் தவிர வேறு யாரும் அழிக்காதபடி தடுக்கிறது. "திறக்கவில்லையா, 777 போடு" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அது எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுப்பது.

நிர்வாகம் மாறும்போது இன்னொரு விஷயம். லினக்ஸ் உரிமையாளரைப் பெயராக அல்ல, எண்ணாகவே பதிந்து வைக்கிறது. பழைய பொருளாளரின் பயனர் பெயரை நீக்கினாலும் கோப்புகள் அந்த எண்ணிலேயே கிடக்கும். பிறகு சேர்க்கப்படும் யாரோ ஒருவருக்கு அதே எண் கிடைத்தால் அவை அவருடையதாகிவிடும். ஆகவே, முதலில் ரூட் மூலம் கோப்புகளைப் புதியவர் பெயருக்கு மாற்றுங்கள். சாதாரணப் பயனர் தம் கோப்பைத் தாமே பிறர் பெயருக்கு எழுதித் தர முடியாது.

விண்டோஸிலும் உரிமையாளர் உண்டு. நிர்வாகி அந்த உரிமையைத் தம் பெயருக்கு எடுத்துக்கொள்ளவும் முடியும். பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் அமைப்புகளோ இந்த அனுமதிகள் எதையும் பதிந்து வைப்பதில்லை. கணக்கை அதில் நகலெடுத்தால், கையில் வைத்திருப்பவர் யாரும் திறக்கலாம்.