ஆழமற்ற கடல் ஒலியியல்

ஆழமற்ற கடல் ஒலியியல் என்பது, ஏறத்தாழ 200 மீட்டருக்குக் குறைந்த ஆழமுடைய கண்டத்திட்டுக் கடல்களில் ஒலி பரவும் முறையை ஆராயும் துறை ஆகும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். இக்கடல்களில் ஒலி, நீர்ப்பரப்புக்கும் கடற்படுகைக்கும் இடையே மீண்டும் மீண்டும் தெறித்து முன்னேறுகிறது.

தெறிப்பு

அமைதியான நீர்ப்பரப்பு ஒலியை ஏறக்குறைய முழுமையாகத் தெறிக்கச் செய்யும். அலைகள் எழும்போது ஒலி சிதறும். மணற்படுகையில் ஒலி நீரைவிட விரைவாகச் செல்லும். அவ்வேகம் நொடிக்கு 1700 மீட்டர் எனின், படுகையுடன் சுமார் 28 பாகைக்குக் குறைந்த சாய்வில் வரும் ஒலி முழுத்தெறிப்பு அடையும். இதனைவிடச் செங்குத்தாக வரும் ஒலியின் ஒரு பகுதி படுகையினுள் புகுந்து இழக்கப்படும். மென்சேற்றில் ஒலியின் வேகம் நீரைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். அங்கு இத்தகைய முழுத்தெறிப்பு நிகழாது.

பெக்கெரிசு மாதிரி

கைம் பெக்கெரிசு 1948 இல் நீர், படுகை ஆகிய இரு அடுக்குகளைக் கொண்ட கணித மாதிரியை வெளியிட்டார். இதன்படி, மேற்கூறிய மணற்படுகையின் மீது 50 மீட்டர் ஆழ நீர் இருப்பின், சுமார் 16 ஏர்ட்சுக்குக் குறைந்த அதிர்வெண்ணுடைய ஒலி நெடுந்தொலைவு செல்லாது.

முக்கியத்துவம்

படுகையிலிருந்து திரும்பும் சிதறொலி, கடற்கண்ணி, நீர்மூழ்கிக் கப்பல் ஆகியவற்றின் எதிரொலியை மறைத்துவிடக்கூடும். எனவே சோனார் கருவியின் எல்லையைக் கணிக்க, நீரின் ஆழத்துடன் படுகையின் தன்மையையும் அறிதல் இன்றியமையாதது.