மணத்தால் பறிபோன அடையாளம்: கனடாவின் லவ்லேஸ் வழக்கு

கனடாவில் யார் பூர்வகுடி என்பதை ‘இந்தியன் சட்டம்’ வழியாக அரசே வரையறுத்தது. பிற இன ஆணை மணந்த பூர்வகுடிப் பெண் அத்தகுதியையும், தம் மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில் வாழும் உரிமையையும் இழந்தார். பிற இனப் பெண்ணை மணந்த ஆண் எதையும் இழக்கவில்லை. அவர் மனைவிக்கும் தகுதி கிடைத்தது.

இதை எதிர்த்த ஜெனட் லாவெல் வழக்கு 1973இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற கணக்கில் தோற்றது. உள்நாட்டில் வழி அடைபட்ட நிலையில், மணமுறிவுக்குப் பின் சொந்த மண்ணில் வாழும் உரிமை மறுக்கப்பட்ட சாண்ட்ரா லவ்லேஸ், ஐ.நா. மனித உரிமைக் குழுவை நாடினார். சிறுபான்மையினர் தம் சமூகத்தாரோடு பண்பாட்டைத் துய்க்கும் உரிமையைக் கனடா மீறியதாக 1981இல் குழு கூறியது.

1985இல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்கள் தகுதியை மீளப் பெற்றனர். எனினும், பெண்வழிப் பேரப்பிள்ளைகளுக்கு எதிரான பாகுபாடு நீடித்தது. அதைக் களையும் திருத்தங்கள் 2019இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தன.

இந்தியாவிலும் இக்கேள்வி உயிருடன் உள்ளது. பழங்குடித் தாய்க்கும் முற்பட்ட சாதித் தந்தைக்கும் பிறந்தவர் தொடர்பான ரமேஷ்பாய் நாயகா வழக்கில், பிள்ளையின் சாதியைத் தந்தைவழியில் மட்டும் முடிவுசெய்யலாகாது என 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் தந்தையின் சாதியே முதல் அனுமானம். தாயின் சமூகத்தில் வளர்ந்து, அதன் இழிவுகளைச் சுமந்ததாக மெய்ப்பிக்கும் பொறுப்பு பிள்ளையுடையது. அச்சுமையை அகற்றுவதே அடுத்த போராட்டம்.