ஒரு பென்னிக்காக நடந்த ஊர்

வரலாற்றுப் புத்தகத்தில் போர் இருக்கும், ஒப்பந்தம் இருக்கும், தலைவர்கள் பேசிய பேச்சு இருக்கும். ஜனங்கள் காலையில் எழுந்து வேலைக்கு எப்படிப் போனார்கள் என்பது மட்டும் அநேகமாக இருக்காது. ஆனால் கையில் காசு குறைவாக உள்ளவருக்கு அன்றாடத்தின் முதல் கணக்கே அதுதான். சொந்தமாக வண்டி கிடையாது, வேலையோ தூரத்தில், சம்பளம் கம்மி. அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு, சம்பளம் வாங்கப் போய் வருவதற்கே செலவாகிவிடும்.

இந்தக் கணக்கு ஒரு அரசாங்கத்தையே சட்டம் போட வைத்த கதை ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், 1957ஆம் ஆண்டில், பஸ் கட்டணம் ஒரே ஒரு பென்னி கூடியதற்காக ஒரு ஊரே ஏறக்குறைய மூன்று மாதம் நடந்து வேலைக்குப் போனது. அந்த ஊரின் பெயர் அலெக்ஸாண்ட்ரா.

ஒரு பென்னிக்கா இவ்வளவு அமர்க்களம் என்று தோன்றலாம். அன்றைய தென்னாப்பிரிக்க அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது!

ஊர் ஏன் தூரத்தில் இருந்தது?

முதலில் இதைப் பார்த்துவிடுவோம். இது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

அலெக்ஸாண்ட்ரா ஜோகன்னஸ்பர்க் நகர மையத்திலிருந்து வடகிழக்கே சுமார் ஒன்பது மைல் தூரத்தில் இருக்கிறது. 1912இல் கறுப்பின மக்கள் சொந்தமாக மனை வாங்கலாம் என்ற அனுமதியோடு உருவான குடியிருப்பு. அடுத்த வருடமே, 1913இல், பூர்வகுடிகள் நிலச் சட்டம் வந்துவிட்டது. நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்துக்கு வெளியே கறுப்பர்கள் நிலம் வாங்கவே முடியாது என்று ஆக்கிய சட்டம் அது. அதற்கு முன்பே பிறந்ததால் அலெக்ஸாண்ட்ரா தப்பித்தது.

1923இல் இன்னொரு சட்டம். நகரங்களில் கறுப்பர்கள் எங்கே குடியிருக்கலாம் என்பதை உள்ளாட்சிகள் முடிவு செய்யலாம் என்றது. விளைவு என்ன? தொழிற்சாலை, கடை, வெள்ளைக்காரர் வீட்டு வேலை எல்லாம் நகரத்தில். வேலை செய்பவர்களின் வீடு மட்டும் நகரத்துக்கு வெளியே.

அலெக்ஸாண்ட்ராவுக்கு ரயில் பாதை கிடையாது. மின்சாரமும் ரொம்ப நாள் கிடையாது, அதனால் 'இருட்டு நகரம்' என்ற பட்டப்பெயர் வேறு. நகரத்துக்குப் போக இருந்த ஒரே மலிவான வழி பஸ். அந்த ஊர்க்காரர்கள் சோம்பலால் பஸ்ஸை நம்பியிருக்கவில்லை. வேலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் உரிமையைச் சட்டம் பறித்துவிட்டது, அதனால்தான் பஸ். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மண்டேலாவும் பஸ் காசும்

நெல்சன் மண்டேலா 1941இல் ஜோகன்னஸ்பர்க் வந்தபோது தங்கியது இந்த அலெக்ஸாண்ட்ராவில்தான். ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, சம்பளம் வாரம் இரண்டு பவுண்டு. அதிலேயே வாடகை, சாப்பாடு, அஞ்சல்வழிப் படிப்புக்கான கட்டணம், ராத்திரி படிக்க மெழுகுவர்த்தி, பஸ் காசு. கெரசின் விளக்கு வாங்க வசதியில்லை.

மாதக் கடைசியில் சில பென்னிகள் எப்படியும் குறையும். அதனால் பல நாட்கள் காலையில் ஆறு மைல், மாலையில் ஆறு மைல் நடந்தே வேலைக்குப் போய் வந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். (ஒன்பது மைல் எப்படி ஆறு மைல் ஆனது என்று கேட்காதீர்கள், எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறும். எப்படிப் பார்த்தாலும் தினமும் பத்தொன்பது கிலோமீட்டருக்குக் குறையாது!) முதலாளி கொடுத்த பழைய கோட்டு சூட் ஒன்றைத்தான் ஐந்து வருடம் போட்டிருக்கிறார்.

பின்னாளில் நாட்டின் ஜனாதிபதி ஆன மனிதரின் கதை என்பதால் இது நமக்குத் தெரிகிறது. அவரோடு அதே சாலையில் நடந்த மற்றவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதல் சண்டைகள்

1957இல் நடந்தது திடீரென்று முளைத்தது அல்ல. அலெக்ஸாண்ட்ராவில் 1940களிலேயே இதே நான்கு பென்னிக்கும் ஐந்து பென்னிக்கும் நடுவில் திரும்பத் திரும்பச் சண்டை நடந்திருக்கிறது.

1943 ஆகஸ்டில் பஸ் முதலாளிகள் கட்டணத்தை 4 பென்னியிலிருந்து 5 பென்னியாக ஏற்றினார்கள். மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்து நடந்தார்கள். அந்த ஊர்வலத்தில் பத்தாயிரம் பேரோடு தானும் நடந்ததாக மண்டேலா எழுதுகிறார். ஒன்பது நாள் பஸ்கள் காலியாக ஓடின. பிறகு கட்டணம் பழையபடி 4 பென்னி ஆனது. கூட்டத்தின் பலம் என்ன என்பதை நேரில் பார்த்தது அந்த ஒன்பது நாளில்தான் என்கிறார்.

1944 நவம்பரில் மறுபடியும் கட்டணத்தை ஏற்றப் பார்த்தார்கள். இந்த முறை ஏழு வாரம் நடந்தார்கள்.

அதே 1944இல், பஸ் சேவை பற்றி விசாரிக்க அரசாங்கமே நியமித்த கமிஷன் ஒரு அறிக்கை கொடுத்தது. அதன் சாரம்: இந்தத் தொழிலாளர்களின் வருமானத்துக்கு இப்போதைய பஸ் கட்டணமே தாங்காது. இதற்கு மேல் கொடுக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே அரைப்பட்டினியாக இருக்கும் சாப்பாட்டில்தான் இன்னும் குறைக்க வேண்டும்.

இதைச் சொன்னது போராட்டக்காரர்கள் இல்லை, அரசாங்கத்தின் கமிஷன்! இதற்குப் பிறகு பழைய பஸ் முதலாளிகள் விலகி, புட்கோ என்ற பெரிய கம்பெனி வந்தது. அரசு மானியம் கொடுத்து, கட்டணம் 4 பென்னியிலேயே நின்றது. பன்னிரண்டு வருடம் சண்டை இல்லை.

1957 ஜனவரி 7

செலவு கூடிவிட்டது, மானியம் போதவில்லை என்று சொல்லி, புட்கோ 1957 ஜனவரியில் கட்டணத்தை 5 பென்னி ஆக்கியது. ஜனவரி 7, திங்கட்கிழமை. அலெக்ஸாண்ட்ரா பஸ்ஸில் ஏறவில்லை.

'அஸிக்வெல்வா!' இதுதான் முழக்கம். 'அதில் ஏறமாட்டோம்' என்று அர்த்தம் வரும்.

ஒரு பென்னியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். போக ஒன்று, வர ஒன்று என்று ஒரு நாளைக்கு இரண்டு பென்னி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் பன்னிரண்டு பென்னி. அன்றைய நாணயத்தில் 12 பென்னி என்றால் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் என்றால் ஒரு பவுண்டு. வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் வாரம் இரண்டு ஷில்லிங், பத்தே வாரத்தில் ஒரு பவுண்டு. சம்பளம் ஒரு பைசா கூடாமல், செலவு மட்டும் இப்படிக் கூடினால் அது எதிலிருந்து போகும்? கமிஷன் சொன்ன அதே சாப்பாட்டிலிருந்துதான்.

சில நாட்களில் சோஃபியாடவுன் முதலிய மற்றக் குடியிருப்புகளும் சேர்ந்தன. பிரிட்டோரியா நகரத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புகளும் பஸ்ஸைப் புறக்கணித்தன. உச்சத்தில் அறுபது, எழுபதாயிரம் பேர் வரை கலந்துகொண்டதாகக் கணக்குகள் சொல்கின்றன.

ஜனவரி அங்கே கோடைக்காலம், இடிமழைக் காலமும் அதுதான். விடிவதற்கு முன்பே கிளம்பி, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். சமையல்காரப் பெண்கள், துணி வெளுப்பவர்கள், தொழிற்சாலைக் கூலிகள், வயதானவர்கள் எல்லோரும் இந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1956 டிசம்பரில்தான் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் லுதுலி, மண்டேலா உட்பட 156 பேர் தேசத்துரோக வழக்கில் கைதாகி, ஜாமீனில் வெளிவந்து கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். ஆகவே இந்தப் போராட்டத்தைப் பெரிய தலைவர்கள் மேலிருந்து நடத்தவில்லை. உள்ளூரில் பல சின்னச் சின்ன அமைப்புகள் சேர்ந்து ஒரு போக்குவரத்துக் குழு வைத்தார்கள், அதற்குள்ளேயே ஏகப்பட்ட சண்டை. ஆனால் காலையில் நடப்பதில் மட்டும் சண்டை இல்லை.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு முடிந்து, அங்கே மக்கள் திரும்ப பஸ் ஏறியது 1956 டிசம்பர் 21. பதினேழே நாளில் அலெக்ஸாண்ட்ரா இறங்கியது. அங்கே பிரச்சினை பஸ்ஸில் எந்த சீட்டில் உட்காருவது என்பது. இங்கே அந்த பஸ்ஸில் ஏறவே காசு போதுமா என்பது.

லிஃப்ட் கொடுத்தால் குற்றம்

போக்குவரத்து அமைச்சர் பென் ஷூமன் விட்டுக்கொடுக்க மறுத்தார். இது கட்டணப் பிரச்சினை அல்ல, அரசியல் சதி என்றார்.

நடந்து போகிறவர்களுக்கு வழியில் காரில் போன சில வெள்ளைக்காரர்கள் லிஃப்ட் கொடுக்க ஆரம்பித்தார்கள். உடனே போலீஸ் சாலையில் நின்றது. காரை நிறுத்தி லைசென்ஸ் கேட்பது, அதிக ஆள் ஏற்றியதாக வழக்கு, டாக்ஸிகளில் சோதனை, நடந்து வருபவர்களிடம் பாஸ் புத்தகம் எங்கே என்று கேட்டுக் கைது. சைக்கிளில் போனவர்களின் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டதுகூட நடந்தது.

யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போகாமல் இருந்தால் அரசாங்கம் தடுப்பதில் ஒரு அர்த்தம் இருக்கும். இவர்கள் வேலைக்குத்தான் போகிறார்கள்! பஸ்ஸில் போகவில்லை என்பதுதான் குற்றம்.

யார் பணம் கொடுப்பது?

வாரக் கணக்கில் இப்படி நடந்ததும் ஜோகன்னஸ்பர்க் முதலாளிகளுக்குக் கவலை வந்தது. காலையிலேயே களைத்துப் போய் வருபவர்கள் மெஷின் முன்னால் எப்படி நிற்பார்கள்? அரசாங்கம் பிடிவாதமாக இருக்க, வர்த்தக சபை நடுவில் வந்தது.

முதலில் வந்த யோசனை: ஐந்து பென்னி கொடுத்துப் பயணம் செய்யுங்கள், இறங்கியதும் ஒரு பென்னியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு நேரமாகும்போது ஒரு பென்னிக்கு யார் வரிசையில் நிற்பது? காகிதத்தில் நன்றாக இருக்கிற திட்டம் காலை ஏழு மணிக்குச் சரிப்படாது என்பது தினமும் பஸ்ஸில் போகிறவனுக்குத்தான் தெரியும் :-)

கடைசியில் வந்த ஏற்பாடு எளிமையானது. வர்த்தக சபை ஒரு நிதி போட்டது. ஐந்து பென்னி டிக்கெட்டை முன்கூட்டியே நான்கு பென்னிக்கு விற்றார்கள், மிச்சம் அந்த நிதியிலிருந்து. கம்பெனிக்கு ஐந்து, பயணிக்கு நான்கு. ஏப்ரலில் மக்கள் பஸ் ஏறினார்கள். இது தோல்வி என்று சொன்னவர்களும் ஊருக்குள் இருந்தார்கள்.

ஆனால் நிதி சில மாதத்துக்குத்தான் வரும். அதற்குப் பிறகு? அந்த வருடமே பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது: கறுப்பினத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் அவர்களின் போக்குவரத்துக்காக ஒரு தொகை கட்ட வேண்டும், அதிலிருந்து பஸ்ஸுக்கு மானியம். கட்டணம் நான்கு பென்னியில் நின்றது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். தொழிலாளியின் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் ஒன்பது மைல் வைத்தது யார்? சட்டம் போட்ட அரசு. அந்த மலிவான உழைப்பால் லாபம் அடைந்தது யார்? முதலாளி. தூரத்துக்கான காசை மட்டும் தொழிலாளி தர வேண்டும் என்பதுதான் அதுவரை இருந்த ஏற்பாடு. கறுப்பர்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத ஒரு நாட்டில், ஒரு பென்னியைக் கொடுக்க மறுத்து அந்த ஏற்பாட்டை மாற்றினார்கள்.

கட்டணத்திலிருந்து பேச்சு சம்பளத்துக்கும் நகர்ந்தது. 1957 பிப்ரவரியில், போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, சாக்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு 'நாளுக்கு ஒரு பவுண்டு' குறைந்தபட்சக் கூலி கேட்டு இயக்கம் தொடங்கியது.

அப்புறம்

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. மானியம் கொடுத்து மலிவாக்கிய பஸ், மக்களை இன்னும் தூரத்தில் குடியமர்த்தவும் அரசுக்கு வசதியாகிவிட்டது. சோஃபியாடவுனை 1955 முதலே இடித்து, ஆட்களை மெடோலேண்ட்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தூரத்தைக் குறைக்கவில்லை, தூரத்தின் விலையை மட்டும் குறைத்தார்கள்.

1980களின் கடைசியில் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், மினிபஸ் டாக்ஸிகள் பெருகின. நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் சேர்ந்ததும் கிளம்பும். இன்று தென்னாப்பிரிக்காவில் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அதுதான் வாகனம். அலெக்ஸாண்ட்ராவின் பக்கத்திலேயே நெடுஞ்சாலையைத் தாண்டினால் சாண்ட்டன், நாட்டின் பணக்கார வியாபார மையம். 2010இல் ஓடத் தொடங்கிய கவ்ட்ரெயின் அதிவேக ரயிலுக்கு அலெக்ஸாண்ட்ராவுக்கு அருகிலேயே மார்ல்பரோவில் ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் டிக்கெட் விலை? குறைந்த கூலிக்காரருக்கு எட்டாது.

1971இல் பாரிஸ் பகுதியில் முதலாளிகள் மீது போக்குவரத்து வரி போட்டார்கள், பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் அதிலிருந்து பணம் போகிறது. தொழிலாளி வேலைக்கு வந்து சேர்வதால் முதலாளிக்கும் லாபம், ஆகவே அவரும் பங்கு தரவேண்டும் என்பது தர்க்கம். அலெக்ஸாண்ட்ரா மக்கள் இதைப் புத்தகம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. கோடைமழையில் நனைந்துகொண்டே நடந்து கண்டுபிடித்தார்கள்.

அடுத்த முறை எங்காவது பஸ் கட்டணம் ஏறும்போது "ஒரு ரூபாய்தானே" என்று யாராவது சொன்னால், ஒரு நாளைக்கு எத்தனை முறை, மாதத்துக்கு எத்தனை நாள், வீட்டில் எத்தனை பேர் என்று பெருக்கிப் பாருங்கள். பெருக்கிய பிறகும் "தானே" என்று சொல்ல முடிகிறதா என்று எனக்கும் சொல்லுங்கள்.